ஸ்தனப் புற்றும் ரண சிகிச்சையும்

பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையில் ரண வைத்தியராக விளங்கிய வில்லியம் ஹால்ஸ்டெட் என்பார், ஸ்தனத்தையும் அதன் அடியிலுள்ள மார்புத் தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர அகற்றிச் சிகிச்சை செய்த 50 பேருடைய விருத்தாந்தத்தை 1894-இல் வெளியிட்ட பின்னர், ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் அமெரிக்காவில் வேறு வழியை நினைப்பதே சாஸ்திர விரோதமாகக் கருதப்பட்டது. நோய் ஓரிடத்தில் வேரூன்றிப் பக்கத்துப் பகுதிகளுக்குப் படிப்படியாகப் பரவுகிறது என்பது அவர் சித்தாந்தமாதலின், எவ்வளவு அகல வெட்டினாலும் தகும் என்றாயிற்று. பிழைத்தவளுக்குக் கை வீங்கும். விலா எலும்பின்மேல் தோல் ஒட்டிக் கிடக்கும். இழந்த உறுப்பை வேறு சதையால் நிரப்பலாமே என்றால், மறைவில் நோய் மீண்டும் தலையெடுப்பது புலப்படாது போகும் என்று அதனையும் அவர் விலக்கினார்.

இத்தனைக்கும் அந்தக் கலை அக்காலத்தார் அறியாததன்று. ஹைடல்பெர்க் நகரத்து வின்சென்ஸ் செர்னி, 1895-இல் ஒரு பெண்ணின் உடலிலேயே வேறிடத்தில் இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து, அகற்றிய ஸ்தனத்தின் ஸ்தானத்தில் பதித்தார். அவளுக்கு வந்தது புற்று அன்று என்பது வேறு விஷயம். பாவியாவின் இஜினியோ தான்ஸீனி, முதுகுத் தசையைத் தோலோடு திருப்பி மார்பை மூடும் முறையை 1906-இல் விவரித்தார். லண்டனில் ஜெஃப்ரி கீன்ஸ், பொருளாதார மேதை மேனார்ட் கீன்ஸின் தம்பி, ஸ்தனத்தை விட்டுவைத்து ரேடியம் ஊசிகளால் சிகிச்சை செய்து, அதன் பலனை 1937-இல் பிரசுரித்தார். ஹால்ஸ்டெட்டின் கீர்த்திக்கு முன் இவையெல்லாம் எடுபடவில்லை.

மறுக்கவொண்ணாத சாட்சியம் மிலான் நகரிலிருந்து வந்தது. உம்பெர்ட்டோ வெரொனேசி, சிறு கட்டியுடைய 701 பெண்களை 1973 முதல் 1980 வரை சேர்த்து, திருவுளச் சீட்டுப் போட்டாற்போல் இரு பிரிவாக்கி, ஒரு சாராருக்கு ஹால்ஸ்டெட் முறையையும், மற்றவர்க்கு ஸ்தனத்தின் கால் பாகத்தை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளிப்பதையும் கையாண்டார். இருபது ஆண்டுக்குப் பின் பார்த்தபோது, அதே இடத்தில் நோய் திரும்பியவர்கள் முன்னவருள் 8 பேர், பின்னவருள் 30 பேர்; ஆயினும் ஆயுளில் பேதமில்லை. இதற்கிடையே, கண் விழிக்கும்போது ஸ்தனம் இருக்குமோ இராதோ என்று அறியாமலே மயக்க மருந்துக்கு உட்படும் வழக்கத்தை எதிர்த்து, தாமும் அந்நோய்க்கு ஆளான ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் வாதாடினார். வைத்தியர் பலருக்கு அது அதிகப் பிரசங்கமாகப் பட்டிருக்கும். எனக்கு அதுவே இச்சரித்திரத்தின் திருப்பமாகத் தோன்றுகிறது.

ஸ்தனம் எஞ்சினாலும் அதன் உருவம் எஞ்சுவது நிச்சயமன்று. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சதை போனால் குழி விழுந்து காம்பு ஒருபுறம் இழுபடுவதுண்டு. கதிர்வீச்சு அதை மேலும் சுருக்கும். எஞ்சிய சதையை நகர்த்திக் குழியை நிரப்பி, வேண்டுமாயின் மற்ற ஸ்தனத்தையும் அதற்கிசையக் குறைக்கும் முறைக்கு, 1990-களில் டுசல்டார்ஃப் நகரத்து வெர்னர் அவுட்ரெட்ச் முதலியோர் தனித் துறையென்னும் அந்தஸ்தைத் தந்தனர். தையல் நீளுந்தோறும் உபத்திரவமும் கூடும்: நீர் கோக்கும், காயம் ஆறத் தாமதித்தால் கதிர்வீச்சும் தள்ளிப்போகும், புகை பிடிப்பவர்க்கும் நீரிழிவுடையவர்க்கும் அந்த அபாயம் மிகுதி. ரத்த ஓட்டம் குன்றி மடிந்த கொழுப்பு கட்டியாக இறுகினால், அது நோய் திரும்பியதோ என்ற பீதியை எழுப்பி, மற்றுமொரு ஊசிப் பரிசோதனைக்கு இழுக்கும். இவற்றையெல்லாம் வைத்தியர் எண்ணிக் குறித்தார்கள். புகைப்படத்தைப் பார்த்து அழகுக்கும் மதிப்பெண் இட்டார்கள். அந்த மதிப்பெண்ணும் உடையவளின் அபிப்பிராயமும் பல வேளை ஒத்துப்போகவில்லை. ஆண்ட்ரியா பியூசிக் முதலியோர் 2009-இல் வெளியிட்ட பிரெஸ்ட்-கியூ என்னும் வினாத்தொகுதி, ஆடை உடுத்தியும் உடுத்தாமலும் கண்ணாடியில் தன்னைக் காணும் திருப்தி முதல் தாம்பத்திய நலம் வரை அவளிடமே கேட்டு, பூஜ்யத்திலிருந்து 100 வரை கணக்கிடுகிறது. சிகிச்சைக்கு முன்பே அவள் மனநிலை எவ்வாறிருந்தது என்று தெரியாமல் பின்னால் வந்த எண்ணுக்குப் பொருள் காண்பது அரிதாகையால், அவ்வினாக்களை முன்னொரு முறையும் பின்னொரு முறையும் கேட்கிறார்கள்.