சுவரில் எழுதிய பெயர்கள்

என் பாட்டி பால் கணக்கைச் சமையற்கட்டுச் சுவரில் கரித்துண்டால் கோடு கிழித்து வைப்பாள். அவள் காலமான மறு வருஷம் வீட்டைப் பழுது பார்த்தோம். "நன்றாக வெள்ளையடித்துவிடப்பா" என்று ஆளிடம் சொன்னவன் நானேதான். மாலையில் வந்து பார்த்தேன். சுவர் பளிச்சென்று இருந்தது, பாட்டியைக் காணோம்.

தென் துருவக் கண்டத்தில், எவன்ஸ் முனையில் நிற்கும் ஒரு மரவீட்டின் சரித்திரத்தைப் படித்தபோது அந்தச் சுவர்தான் ஞாபகத்துக்கு வந்தது.

1911 ஜனவரியில் காப்டன் ஸ்காட்டின் ஆராய்ச்சிக் கோஷ்டியார் எழுப்பிய வீடு அது. 50 அடி நீளம், 25 அடி அகலம். குளிர் புகாதிருக்கக் கடற்பாசியைச் சணல் துணியில் வைத்துத் தைத்துப் பலகைகளுக்கிடையே அடைத்திருந்தார்கள். உள்ளே 25 பேர் குளிர்காலத்தைக் கழித்தார்கள். வானிலைக் கருவிகளுக்கு ஒரு மூலை, புகைப்படக்காரருக்கு ஓர் இருட்டறை. ஸ்காட்டும் தோழர் நால்வரும் 1912 ஜனவரி 17-ந் தேதி துருவத்தை எட்டினார்கள். ஆனால் அந்த வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

1915-ல் ஷாக்கிள்டன் அனுப்பிய வேறொரு கோஷ்டி அங்கே தங்கியது. கரையோரம் கட்டியிருந்த கப்பலைப் புயல் அடித்துச் சென்றுவிட, 10 பேர் அகப்பட்டுக்கொண்டார்கள். மூவர் மாண்டார்கள். 1916 ஆகஸ்டில் ரிச்சர்ட்ஸ் என்ற இளைஞர் தம் படுக்கையருகே, இன்றுவரை இழந்தவர்கள் என்று பென்ஸிலால் எழுதிப் பெயர்களைக் குறித்தார். 'இன்றுவரை' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? அடுத்த பெயர் தம்முடையதாகவும் இருக்கலாம் அல்லவா? 1917 ஜனவரியில் கப்பல் வந்து எஞ்சிய 7 பேரை மீட்டது.

ஆளில்லாத வீட்டுக்குள் பனி புகுந்து பாறையாய் இறுகியது. 1960-61-ல் நியூஸிலாந்துக்காரர்கள் அதை வெட்டியெடுத்தார்கள். அப்படியும் ஆபத்து நீங்கவில்லை. சுவரோரம் குவிந்த பனி உருகித் தரைக்கடியில் ஓடி மறுபடி உறைந்து, மரத்தை நெருக்கிற்று. 2008 முதல் சில ஆண்டுகள், நியூஸிலாந்தின் அண்டார்க்டிக் பாரம்பரிய அறக்கட்டளையினர் பெரும் பழுதுபார்ப்பில் இறங்கினார்கள். அடியிலிருந்த பனியை அகற்றினார்கள். கூரையையும் சுவரையும் சீராக்கினார்கள். டப்பா, காலுறை என்று 11,000-க்கும் மேற்பட்ட பொருள்களைத் துருவும் பூஞ்சணமும் தின்றுவிடாதபடி பக்குவம் செய்தார்கள். பிறகு வீட்டுக்குள்ளேயே திரும்ப வைத்தார்கள்.

வீட்டைப் புதிதாக்கிவிடவில்லை, அவ்வளவுதான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். ரிச்சர்ட்ஸின் பென்ஸில் எழுத்து இன்னும் அந்தப் பலகையில் இருக்கிறது.

இதைப் படித்த அன்று எங்கள் சமையற்கட்டுச் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அடியில் கோடு எதுவும் தென்படவில்லை.