புகையின் வயது

இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் பட்டிப்பொல ஆகும். மலையகத்தின் அப்பகுதிகளுக்குச் செய்தி சேகரிக்கச் சென்ற காலங்களில், லயக் காம்பராக்களின் சுவர்கள் விறகுப் புகையால் கறுத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். தென்னாசிய வான்வெளியை மாசுபடுத்துவது இத்தகைய அடுப்புகளா, வாகனங்களும் அனல்மின் நிலையங்களுமா என்ற சர்ச்சை பின்னர் உலக அரங்கிற்கே வந்தது.

1999 இல், தமிழகத்தில் பிறந்த விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதனும் நோபல் பரிசு பெற்ற போல் குருட்சனும் தலைமையேற்ற ஆய்வு, இந்து சமுத்திரத்தின் வடபகுதிக்கு மேல் பரந்திருந்த பழுப்பு நிறப் புகைமண்டலத்தை அளந்தது. அப்புகையின் மூலம் எது என்பதில் கணிப்புகள் முரண்பட்டன.

விடை தந்தது காபன்-14. மரத்திலும் பயிரிலும் அது இருக்கும். அதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 5,730 ஆண்டுகள். பல மில்லியன் ஆண்டுகள் புதைந்திருந்த நிலக்கரியிலும் பெற்றோலியத்திலும் அது அழிந்துபோயிருக்கும். ஆகவே, துகளில் எஞ்சியுள்ள காபன்-14 இன் அளவே எரிந்த பொருளைக் காட்டிக்கொடுக்கின்றது. மாலைதீவிலும் மேற்கு இந்தியாவிலும் சேகரித்த துகள்களைச் சுவீடன் விஞ்ஞானி ஒர்யான் குஸ்டாஃப்சன் குழுவினர் இவ்வாறு பகுத்தாய்ந்து, 2009 இல் முடிவை வெளியிட்டனர். காபன் துகள்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விறகு, சாணம், பயிர்க்கழிவு போன்றவற்றை எரித்ததால் வந்தவை.

இதைக் கொண்டு ஏழையைக் குற்றவாளியாக்குவது நியாயமன்று. கரித்துகள் சில நாட்களிலோ வாரங்களிலோ மழையோடு இறங்கிவிடும். நிலக்கரியும் பெற்றோலும் வெளிவிடும் காபனீரொட்சைட்டு நூற்றாண்டுகள் தங்கும். அடுப்புப் புகையை முதலில் சுவாசிப்பவளோ, கொழுந்து பறித்துக் களைத்துத் திரும்பும் பெண்தான். புகைபோக்கியுள்ள வீடு அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்கு இதனினும் வலுவான சான்று தேவையில்லை.