மாடியில் நீதிமன்றம், அடியில் சிறை

ஜகார்த்தாவின் பழைய நகரமான கோத்தா துவாவில், ஃபதஹில்லா சதுக்கத்தைப் பார்த்தபடி ஒரு வெள்ளைக் கட்டடம் நிற்கிறது. அந்த ஊர் பத்தாவியா என்ற பெயரில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆசியத் தலைநகராக இருந்த காலத்தில், 1707இல் கட்டத் தொடங்கி 1710இல் திறக்கப்பட்ட நகர மண்டபம் அது. 1974 முதல் ஜகார்த்தா வரலாற்று அருங்காட்சியகம்.

உள்ளே வருபவர்களில் பெரும்பாலானோர் நேராக மாடிக்குத்தான் போகிறார்கள். நானும் போனேன். செதுக்கு வேலை செய்த பெரிய அலமாரிகள், மேசைகள், நாற்காலிகள். ஜன்னல் வழியாகச் சதுக்கம் முழுக்கத் தெரிகிறது. நகர நிர்வாகமும் நீதி விசாரணையும் இந்தக் கட்டடத்தில் நடந்தன. மரண தண்டனை வெளியே சதுக்கத்தில், ஊரே பார்க்க. கைதிகள் இதே கட்டடத்தின் அடியில். நீதிபதி, கைதி, தூக்குமேடை, எல்லாத்துக்கும் ஒரே முகவரி.

கீழே இருக்கும் அறைகளில் என்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. வளைந்த தாழ்வான கூரை, ஈரச்சுவர், தரையில் கைதிகளைப் பிணைக்கப் பயன்பட்ட கனமான குண்டுகள். அவ்வளவுதான். இங்கே கிடந்தவர்களின் பெயர் ஒன்றுகூட அங்கே கண்ணில் படவில்லை.

டச்சுக்காரர்களை எதிர்த்து ஐந்து வருடம் போரிட்ட ஜாவா இளவரசர் டிபொனெகொரோவை 1830இல் பிடித்துவந்து இந்தக் கட்டடத்தில்தான் ஏறக்குறைய ஒரு மாதம் வைத்திருந்தார்கள். ஆனால் அவருக்குக் கிடைத்தது மாடி அறை. இன்று அது தனிக் காட்சிக்கூடம். சிறையிலும் அந்தஸ்து வேலை செய்திருக்கிறது. 1740 அக்டோபரில் பத்தாவியாவில் நடந்த சீனர் படுகொலையில் சுமார் 10,000 பேர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். சிறையிலிருந்த சீனர்களையும் விடவில்லை. அவர்களில் யாருக்கும் தனி அறை கிடையாது.

நமக்கும் இந்த ஊரோடு ஒரு தொடர்பு உண்டு. 17ஆம் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம், டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரையில் மனிதர்களை மலிவாக வாங்கிக் கப்பல் ஏற்றினார்கள். பழவேற்காடு அவர்களுடைய முக்கியத் தளம். 1659-61 பஞ்சத்தில் தஞ்சைப் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் போனார்கள். பெரும்பாலோர் இலங்கைக்கு, கொஞ்சம் பேர் பத்தாவியாவுக்கு. அந்த நகரத்தின் வீடுகளில் வேலை செய்தவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

அருங்காட்சியகத்தில் வைக்க ஒருவர் ஏதாவது பொருளை விட்டுப் போயிருக்கணும். அதிகாரிகள் அலமாரியை விட்டுப் போனார்கள். அடிமைக்கும் கைதிக்கும் சொந்தமா எதுவுமே இல்லை. அவங்க இருந்ததுக்கு இந்தக் கட்டடத்தில் மிச்சமிருக்கிற ஒரே சாட்சி அந்தக் கூரையின் உயரம்தான். அதற்கு விளக்கப் பலகை தேவையில்லை, முதுகுக்கே புரிந்துவிடும்.

பலரும் கீழே எட்டிப்பார்த்து ஒரு படம் எடுத்துட்டுக் கிளம்பிடுறாங்க. நீங்க போனா வரிசையை மாத்துங்க. முதல்ல கீழே போய்க் கொஞ்ச நேரம் இருங்க. அப்புறம் மாடிக்குப் போய் அந்த நாற்காலிகளைப் பாருங்க.