வலி தெரியாத பாதமும் வேலூர்ச் செருப்பும்

காலையில் நம் வளாகத்தைச் சுற்றி நடக்கும் மூத்தோரில் சிலர் எம்.சி.ஆர். செருப்பு அணிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் சொல்லும் செருப்பு அது. ஆனால் அது முதலில் உருவானது சர்க்கரை நோய்க்காக அல்ல. அந்தக் கதை நம் வேலூரைச் சேர்ந்தது.

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பணியாற்றிய ஆங்கில மிஷனரித் தம்பதியரின் மகனாகப் பிறந்தார். லண்டனில் மருத்துவம் படித்து, 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாகவே அழுகி விழும் என்று அக்காலத்தில் பலரும் நம்பினர். பிராண்ட் கண்ட காரணம் வேறு. நோய் நரம்பைத் தாக்கி வலியுணர்வை அழித்துவிடுகிறது. நமக்கு ஓரிடத்தில் வலித்தால் சற்று நொண்டியாவது அந்த இடத்தைக் காப்பாற்றுவோம். அவர்களோ வலி தெரியாமல் அதே இடத்தை அழுத்தி நடந்தார்கள். புண் எலும்புவரை போனது.

ஆகவே மருந்தோடு செருப்பும் தேவைப்பட்டது. வேலூரிலும், அருகே கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் மையத்திலும் அதற்கான முயற்சிகள் நடந்தன. முள் ஏறாத கெட்டியான அடிப்பாகம், அதன்மேல் மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர், எங்கும் ஆணி இல்லாத வேலைப்பாடு. இதுவே எம்.சி.ஆர். செருப்பு.

உருமாறிய பாதத்துக்கு மென்மை மட்டும் போதாது. எந்த இடத்தில் பாரம் அதிகம் விழுகிறது என்று தெரிய வேண்டும். வலி தெரியாதவரால் அதைச் சொல்ல முடியாது. பாத அச்சுதான் சொல்ல வேண்டும்.

அதற்கு உதவிய கருவி கனடாவிலிருந்து வந்தது. ராணுவ வீரர்களின் பாதங்களை ஆராய்ந்து 1947-இல் அறிக்கை வெளியிட்ட ஹாரிஸ், பீத் என்ற இருவர் பயன்படுத்திய ரப்பர் பாய் அது. அதில் உயரம் வேறுபட்ட வரிமேடுகள் உண்டு. மை தடவி, மேலே தாளை விரித்து மிதித்தால், லேசான அழுத்தத்துக்கு உயர்ந்த மேடுகள் மட்டும் பதியும். பாரம் கூடக் கூடத் தாழ்ந்தவையும் பதியும். கருமை மிகுந்த இடமே ஆபத்தான இடம். பாதத்தின் வடிவத்தை அறிய பிளாஸ்டர் வார்ப்போ, அழுத்தினால் பள்ளம் விழும் ஃபோம் பெட்டியோ பயன்படும். மை அச்சு பாரத்தைக் காட்டும், வார்ப்பு வடிவத்தைக் காட்டும்.

1966-இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே, அழுத்தம் பட்டால் உடைந்து நிறம் காட்டும் நுண்குமிழ்கள் கொண்ட காலுறையை அவர் குழு சோதித்தது. சர்க்கரையால் உணர்விழந்த பாதங்களுக்கும் இதே அறிவு பொருந்தும் என்பது தெளிவானது.

நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கால் மரத்துப்போனவர்கள் செருப்பு செய்யக் கொடுக்கும்போது, பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போடுவதோடு விடாமல், அழுத்த அச்சும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். புதுச் செருப்பை முதலில் சிறிது நேரம் மட்டும் அணிந்து, கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். சிவப்பு மறையாமல் நின்றால், செருப்பை மருத்துவரிடம் எடுத்துச் சென்று திருத்தச் சொல்லுங்கள். குனிய முடியாதவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் தினமும் ஒருமுறை பாதத்தைப் பார்த்துச் சொல்லலாம்.