சுன்னாகத்துக் கிணறுகள்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திருவரங்கத்தில் வாழ்கிற நமக்கு நீர் என்றால் ஆறுதான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. அங்கே நீர் என்றால் கிணறு. துலா, பட்டை, இறைப்பு என்று ஒரு வேளாண் வாழ்க்கையே கிணற்றைச் சுற்றி எழுந்த மண் அது. அக்கிணறுகளில் எண்ணெய் மிதந்த வரலாறு நாமும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். மழைநீர் செம்மண்ணைக் கடந்து, கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்குகிறது. அடியில் கடல்நீர், அதனினும் இலேசான நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. எண்ணெயோ நன்னீரினும் இலேசானது. ஆகவே அது நன்னீரின் தலைமேல் ஏறிக்கொண்டு, வெடிப்புகளின் வழியே பரவுகிறது. ஓரிடத்தில் சிந்தியது எவர் கிணற்றில் தலைகாட்டும் என்று சொல்வது கடினம்.

போர்க்காலத்தில் தேசிய மின்தொடரிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த யாழ்ப்பாணத்துக்கு எண்ணெய் எரிக்கும் இயந்திரங்களே வெளிச்சம் தந்தன. போருக்குப் பின்னும் சுன்னாகத்தில் அத்தகைய மின்நிலையம் இயங்கியது. சுற்றுப்புறக் கிணறுகளில் எண்ணெய் படிவதாக மக்கள் முறையிட்டார்கள். 2015இல் அடிப்படை உரிமை வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2019 ஏப்ரல் 4 அன்று தீர்ப்பு வந்தது: மின்நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனமே மாசுக்குப் பொறுப்பு, இழப்பீடு இரண்டு கோடி இலங்கை ரூபாய். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு அன்று கிணற்றடிக்கு வந்து சேர்ந்தது.

தீர்ப்பு வந்தால் நீர் தெளிந்துவிடுமா? எண்ணெய் ஊறிய மண்ணை அகழ்ந்தெடுத்து, காற்றும் ஈரமும் தழைச்சத்தும் கொடுத்தால் மண்ணின் நுண்ணுயிர்களே எண்ணெயைப் பெருமளவு தின்று தீர்க்கும். மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்கலாம். நீரை இறைத்துச் சுத்திகரிக்கலாம். ஆனால் மாரியில் நீர்மட்டம் உயர்ந்து கோடையில் தாழும்போதெல்லாம் எண்ணெய் கல்லிடுக்குகளில் பூசிக்கொள்கிறது. இறைத்துச் சேறு வாரினால் கிணறு சுத்தமாகும், ஊற்றுக்கண் சுத்தமாகாது.

அமெரிக்காவில் பெமிட்ஜி என்ற ஊரருகே 1979 ஆகஸ்டில் குழாய் வெடித்துச் சுமார் 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் சிந்தியது. முக்கால் பங்கை அகற்றிய பின்னும் சுமார் 4 லட்சம் லிட்டர் நிலத்தில் எஞ்சியது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் அறிஞர்கள் அங்கே எண்ணெயை அளந்துகொண்டிருந்தார்கள்.

நம் காவிரிப் படுகையிலும் 2017 ஜூன் 30 அன்று, கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது. மேல்மண்ணை அள்ளுவது கண்ணுக்குத் தெரிகிற வேலை. அடியில் இறங்கியதை அறியக் கிணறுகளை ஆண்டுக்கணக்கில் சோதித்துப் பதிவேடு வைத்தாக வேண்டும். ஆறு அழுக்கைக் கடலில் சேர்த்துவிடும் என்று நம்பிப் பழகியவர்கள் நாம். நிலத்தடி நீருக்கு அந்த நம்பிக்கை செல்லாது. சுன்னாகம் நமக்குச் சொல்வது இதுதான்.