இரும்புப் பட்டாவும் டயர் எண்ணும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் மாட்டுவண்டி இருவகை: கட்டை வண்டி, டயர் வண்டி. பெயரில் புதுமை தெரிந்தாலும் டயர் பழையதுதான். ஆங்கிலத்தில் அச்சொல் முன்பு குறித்ததே மரச் சக்கரத்தின் மேல் ஏற்றும் இரும்புப் பட்டாவை.

பட்டா கட்டுவதில் அளவே வித்தை. வட்டையின் சுற்றளவை எடுத்து, அதைவிடச் சற்றுக் குறைவாகப் பட்டாவை வளைத்து ஒட்டுவார் கொல்லர். நெருப்பில் பழுத்து விரிந்ததை மாட்டித் தண்ணீர் ஊற்றினால், அது சுருங்கி ஆரக்கால்களைக் குடத்தோடு இறுக்கிவிடும். எவ்வளவு குறைப்பது என்பதை மரத்தின் காய்ச்சலையும் இரும்பின் தடிப்பையும் பார்த்துக் கைதான் முடிவுசெய்தது. ஒரு சக்கரத்தின் பட்டா இன்னொன்றுக்குப் பொருந்த வேண்டிய தேவையே இருக்கவில்லை.

1888இல் பெல்ஃபாஸ்டில் காற்றடைத்த டயரைச் செய்த ஜான் பாய்ட் டன்லப் ஒரு கால்நடை மருத்துவர். அவர் பெயர் தாங்கிய நிறுவனம் பின்னாளில் இந்திய மாட்டுவண்டிகளுக்கும் டயர் விற்றது, நல்ல தற்செயல்! மழையில் குழையும் கரிசலில் ஒல்லியான பட்டா கத்திபோல் இறங்கும். அகன்ற டயரோ பாரத்தைப் பரப்பிவிடும்.

வண்டி டயரில் 8.00-19 என்றிருந்தால் அகலம் 8 அங்குலம், ரிம்மின் குறுக்களவு 19 அங்குலம். பழைய டயர்களில் பக்கச் சுவரின் உயரம் ஏறக்குறைய அகலத்துக்குச் சமம். ஆகவே அதைத் தனியே எழுதவில்லை. மொத்த உயரம் தோராயமாக 8+8+19, அதாவது 35 அங்குலம். அங்குலத்துக்கு 25.4 மி.மீ. என்று பெருக்கினால் 889 மி.மீ. இவ்வெண்ணைச் சொன்னால் போதும், டயர் எந்த ஊரிலிருந்தும் வரும். கொல்லர் பட்டறைக்குச் சக்கரத்தை உருட்டிச் செல்லும் வழக்கம் அதனோடு குறைந்தது.

1946இல் மிஷெலின் காப்புரிமை பெற்ற ரேடியல் டயர் பரவி, சுவர்களும் குட்டையானபின் மூன்றாம் எண் தேவைப்பட்டது. மாருதி 800இன் 145/70 R12 எடுத்துக்காட்டு. அகலம் 145 மி.மீ.; சுவர் அதில் 70 விழுக்காடு, 101.5 மி.மீ.; இரு சுவர்களுக்கு 203. ரிம் 12 அங்குலம், 304.8 மி.மீ. ஆக உயரம் 507.8 மி.மீ.

அகலம் மெட்ரிக்குக்கு மாறியும் ரிம் ஏன் அங்குலத்திலேயே நின்றது? டயர் செய்பவர் ஒருவர், ரிம் செய்பவர் வேறொருவர். இருவரும் சேர்ந்து மாறவேண்டும். 1975இல் மிஷெலினே மி.மீ. அளவில் டி.ஆர்.எக்ஸ். என்ற ரிம்மைக் கொண்டுவந்து பார்த்தது, நிலைக்கவில்லை. இந்தியாவில் மெட்ரிக் சட்டம் வந்தது 1956இல். அருப்புக்கோட்டையில் கார் டயர் கேட்பவர் இன்றும் மில்லிமீட்டரில் தொடங்கி அங்குலத்தில் முடிக்கிறார்.