சாக்சபோனில் மேற்சுரங்களும் உச்சசுரங்களும்

சாக்சபோனின் வழக்கமான விசைகள் தரும் எல்லைக்கும் மேலே, முதன்மையாக உதடு, நாக்கு, தொண்டை ஆகியவற்றின் கட்டுப்பாட்டால் எழுப்பப்படும் சுரங்கள் உச்சசுரங்கள் ஆகும். மேலைநாட்டார் இவற்றை ‘ஆல்டிசிமோ’ என்பர். இவற்றுக்கு அடிப்படை, ஒரு குழலில் அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தே பிறக்கும் மேற்சுரங்கள்.

நாதசுரத்தைக் கூர்ந்து கேட்டவர்களுக்கு இது புதிதன்று. எங்கள் பொம்மிடிப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் வாசிப்பவரைக் கவனித்தால், துளைகளில் விரல்கள் அப்படியே இருக்க, சீவாளியில் ஊதும் அழுத்தம் ஏறியதும் மேல் ஸ்தாயி பிறப்பதைக் காணலாம். அந்த மேல் ஸ்தாயிதான் முதல் மேற்சுரம்.

தோற்றமும் இயற்பியலும்

பெல்ஜியத்தில் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ் (1814–1894) 1846 சூன் 28 அன்று பாரிசில் இக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். உடல் பித்தளை, வாயில் கிளாரினெட்டைப் போன்ற ஒற்றை நாக்கு, உட்குழல் கூம்பு வடிவம். இந்தக் கூம்புதான் முக்கியம். கிளாரினெட்டின் உருளைக்குழலில் ஒற்றைப்படை மேற்சுரங்களே வலுப்படுவதால், அடுத்த நிலைக்குத் தாவும்போது ஒரு ஸ்தாயியும் ஒரு பஞ்சமமும் தாண்டும். கூம்புக்குழலில் எல்லா மேற்சுரங்களும் வரிசையாகக் கிடைக்கும்.

ஆல்டோ சாக்சபோனில் எல்லாத் துளைகளையும் மூடி ஊதினால் ஏறத்தாழ 139 அதிர்வுகள் கொண்ட மிகத் தாழ்ந்த சுரம் ஒலிக்கும். விரல்களை அசைக்காமல் தொண்டையின் உள்ளமைப்பை மட்டும் மாற்றினால் 277, 416, 554, 693 என்று ஏறும். நம் கணக்கில் சொன்னால் சட்ஜமம், மேல் சட்ஜமம், அதன் பஞ்சமம், அதற்கும் மேல் சட்ஜமம், பிறகு அந்தர காந்தாரம். தம்புராவில் காதைத் தீட்டியவர்கள் இந்த வரிசையை உடனே அடையாளம் காண்பார்கள்.

ஸ்தாயி விசை சிறு துளை ஒன்றைத் திறந்து முதல் மேற்சுரத்தை எளிதாக்குகிறது. அதனால் கருவிக்கு இரண்டரை ஸ்தாயி கிடைக்கிறது. அதற்கு மேல் விசை கைகொடுக்காது.

மேலே ஏறியவர்கள்

இரண்டரை ஸ்தாயியே எல்லை என்ற எண்ணத்தை உடைத்தவர்களில் முதன்மையானவர் செருமனியில் பிறந்த சிகர்ட் ராஷர் (1907–2001). கிளாசுனோவின் சாக்சபோன் கன்செர்ட்டோ (1934), இபேரின் இசைப்படைப்பு (1935) இரண்டும் அவருக்காக எழுந்தவை. 1941இல் அவர் வெளியிட்ட ‘டாப் டோன்ஸ்’ என்ற பயிற்சி நூல் இன்றும் பயன்படுகிறது. கீழ்ச்சுரத்தின் விரலமைப்பிலேயே நின்று ஒவ்வொரு மேற்சுரமாகப் பிடிப்பதுதான் அதன் அடிப்படைப் பயிற்சி. நாக்குத் தகட்டைப் பல்லால் இறுக்கிக் கீச்சென ஒலி எழுப்புவதை உச்சசுரம் என எண்ணுவது தவறு. சுரம் முதலில் வாசிப்பவரின் மனத்தில் கேட்க வேண்டும். ஜாஸ் இசையில் ஏர்ல் பாஸ்டிக், ஜான் கோல்ட்ரேன், ஜான் ஹேண்டி முதலியோர் இந்த உயரத்தைத் தம் பாணியாக்கினர்.

கருநாடக இசையில்

இங்கே வரலாறு வேறு திசையில் சென்றது. கத்ரி கோபால்நாத் (1949–2019) தென் கன்னட மாவட்டத்தில் நாதசுரக் குடும்பத்தில் பிறந்தவர். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்சபோனைக் கேட்டு அதன்மேல் பற்றுக் கொண்டார். மங்களூரில் என். கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பின்னர் சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார்.

அவருக்கு உயரம் சிக்கலே அன்று. கீர்த்தனைகள் பெரும்பாலும் மந்திர பஞ்சமத்துக்கும் தார பஞ்சமத்துக்கும் இடையில் அடங்கிவிடும். ஆல்டோவில் 5½ கட்டையைச் சட்ஜமமாக வைத்தால், கீழே மந்திர மத்தியமம் முதல் மேலே அதிதார சட்ஜமம் வரை விசைகளே போதும். சிக்கல் கமகம். நாதசுரத்தின் திறந்த துளைமேல் விரலை வழுக்கலாம், பாதி மூடலாம். சாக்சபோனில் துளையை மூடுவது விரல் அன்று, மூடி. சுரங்களும் பன்னிரண்டு படிகளாக வெட்டுப்பட்டு நிற்கின்றன. தோடியின் காந்தாரத்தை அந்தப் படிகளில் அப்படியே வைத்தால் தோடி இருக்காது. எனவே உதட்டின் இறுக்கம், தொண்டையின் வளைவு, மூச்சின் அழுத்தம் ஆகியவற்றை விரலசைவோடு இணைத்துச் சுரத்தை வளைக்க வேண்டியிருந்தது. ராஷர் மேற்சுரங்களுக்காகப் பழக்கிய அதே உறுப்புகள்தாம் இவை. அங்கே ஏணியாகப் பயன்பட்டது இங்கே ஊஞ்சலாயிற்று என்பது என் கருத்து.

1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் கத்ரியும் ஜான் ஹேண்டியும் ஒரே மேடையில் சேர்ந்து வாசித்தனர். உயரம் தேடியவரும் அசைவு தேடியவரும் ஒரே கருவியில் சந்தித்த நிகழ்வு அது. 1994இல் இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பிபிசி பிராம்ஸ் கச்சேரி, அதே ஆண்டில் ‘டூயட்’ திரைப்படம், 2004இல் பத்மசிறீ விருது என அவர் புகழ் வளர்ந்தது. தமிழகச் சிற்றூர்களில் பலர் இக்கருவியின் பெயரை அறிந்தது ‘டூயட்’ வழியாகத்தான்.

இப்போது தருமபுரி, சேலம் பகுதித் திருமண வரவேற்புகளிலும் சாக்சபோன் ஒலிக்கிறது. முகூர்த்த நேரத்துக் கெட்டிமேளம் மட்டும் இன்னும் நாதசுரக்காரரிடமே இருக்கிறது.